நேசபாய் மறுபடியும் பார்க்க ஆசைப்பட்டது

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சபைக் கட்டடத்தில் பெண்கள் கூடி உட்கார்ந்து ரேந்தை என்னும் லேஸ் பின்னுவார்கள். ஆளுக்கொரு உருண்டைத் தலையணை, அதில் குத்திய குண்டூசிகள், நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள். கை ஓடும்போதெல்லாம் கட்டைகள் மோதிச் சத்தம் எழும். நேசபாய் 1948-ல் அங்கே வேலைக்கு வந்தாள். வந்த புதிதில் யாரோடும் பேசவில்லை.

அவளுடைய அப்பா சபையில் வேதம் சொல்லும் உபதேசியார். மகள் படிக்க வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்த்துவிட்டார். விலங்கியல் எடுத்திருந்தாள். ஒரு வருஷம்தான் படித்தாள். அப்பா திடீரென்று இறந்துபோக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் திரும்பிவிட்டாள்.

அந்த ஒரு வருஷத்தில் அவள் மறக்க முடியாத காலைப்பொழுது ஒன்று உண்டு. ஒரு தவளையை உயிரோடு ஈரத்துணியில் பொதிந்து, பின்னங்காலை மட்டும் வெளியே எடுத்து, விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வை மைக்ராஸ்கோப்பின் கீழே விரித்துவைத்திருந்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முதுகில் தட்டியபோதுதான் நகர்ந்தாள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள். அது வாய்க்கவில்லை.

ரேந்தைக் கூடத்தில் அவள் வாயைத் திறக்க வைத்தவை எறும்புகள். முத்துக்கனியின் சோற்றுப் பாத்திரத்தை நோக்கிச் சுவரோரமாக ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. முத்துக்கனி அங்குள்ளவர்களில் மூத்தவள், வாய்த்துடுக்குக்காரி.

"இந்த எறும்புச் சவங்களுக்கு என்ன கண்ணு பாத்தியா! எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிருது" என்றாள்.

"அது கண்ணால வரல்ல" என்றாள் நேசபாய். எழுந்துபோய், வரிசையின் குறுக்கே தரையில் விரலை அழுத்தித் தேய்த்தாள். வந்த எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து நின்றன. ஒன்று இந்தப் பக்கம் திரும்பியது, ஒன்று அந்தப் பக்கம். அழிந்த கோட்டைத் தாண்ட ஒன்றுக்கும் தெரியவில்லை.

"முதல்ல போன எறும்பு வயித்தத் தரையில தொட்டுத் தொட்டு ஒரு வாசனைய விட்டுட்டுப் போவும். அதத்தான் மத்தது மோந்துக்கிட்டுப் போவுது. மூக்கு எதுன்னு கேக்கியளா? தலையில இருக்க ரெண்டு மீசைதான்."

கட்டைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஓமனா என்ற பெண் தலையணையை நகர்த்திவிட்டு வந்து தானும் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "கொள்ளாமே, நல்லாருக்கே! இன்னும் சொல்லுக்கா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கேள்வி வந்தது. பல்லியின் வால் அறுந்த பிறகும் ஏன் துள்ளுகிறது? மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பசு ராத்திரி எதை அசை போடுகிறது? நேசபாய் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். மழை பெய்தால் மட்டும் யாரும் கேட்காமலே தவளைக்காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். "செக்கச்செவேல்னு ஓடும், ஒரு சத்தமும் இல்லாம" என்பாள். எத்தனை தடவை சொன்னாலும் அவள் குரல் அந்த இடத்தில் தாழ்ந்துபோகும்.

1952 மழைக்காலத்தில் ஊரெல்லாம் கண்வலி பரவியது. மற்றவர்களுக்கு ஆறியது. நேசபாய்க்குக் கருவிழி இரண்டிலும் புண்ணாகி, ஆறியபோது வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைந்தால் நிழல் தெரியும். ரேந்தை பின்ன முடியாது. கூடத்திலிருந்து அவளை அனுப்பிவிட மனமில்லாமல், மற்றவர்களுக்குக் கட்டையில் நூல் சுற்றித் தரும் வேலையைக் கொடுத்தார்கள். விரலாலேயே தடவிச் சுற்றினாள். கேள்விகளுக்குப் பதில் சொல்வதையும் விடவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஓமனா ஒரு செய்தி கொண்டுவந்தாள். வடசேரிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மைக்ராஸ்கோப் வந்திருக்கிறதாம். அங்குள்ள டீச்சர் பகவதியம்மாளிடம் ஓமனாவே போய்ப் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"எனக்கென்னத்துக்குட்டி இனி?" என்றாள் நேசபாய். சற்று நேரம் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தவள், "அதுல வெளிச்சம் கீழேருந்து மேல வரும். நல்ல வெளிச்சமா வரும். ஒருவேளை..." என்று நிறுத்தினாள்.

சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். முத்துக்கனி ஒரு ஓலைப்பெட்டியில் தவளை பிடித்து வந்திருந்தாள். பஸ்ஸில் அது கத்தியபோது தானே இருமி மறைத்தாள்.

பகவதியம்மாள் டீச்சர் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு நேசபாயின் தலையைக் குழலருகே கொண்டுபோனார். நேசபாய் ஒரு கண்ணை வைத்தாள், பிறகு மற்றக் கண்ணை. கண்ணாடியை மேலும் கீழும் திருப்பச் சொன்னாள். வெகுநேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

"பால் மாதிரி இருக்கு" என்று சொல்லி நிமிர்ந்தாள். "ஓமனா, நீ பாரு மக்கா."

ஓமனா பார்த்தாள். "எக்கா! ஓடுதே!" என்று கத்தினாள்.

"எப்படி ஓடுது? சொல்லு."

"பெரிய ஓடையில கும்பலாப் போவுது. சின்னதுல ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு, முட்டை மாதிரி நீளமா... ஒண்ணு வளைவுல மாட்டிக்கிட்டு, இப்ப நெளிஞ்சு போயிட்டு."

"செவப்புதானே?"

ஓமனா கண்ணைக் குழலோடு அழுத்தினாள். இன்னும் ஊன்றிப் பார்த்தாள். "கும்பலா போறது செவப்புதான். ஒத்தை ஒத்தையா போறது செவப்பில்ல அக்கா. வெளுத்த மஞ்சள்."

நேசபாய் டீச்சர் பக்கம் திரும்பினாள். "அப்படித்தான் இருக்கும்" என்றார் டீச்சர். "தனியாப் பாத்தா ஒவ்வொண்ணும் மஞ்சளாத்தான் தெரியும். சேந்தாத்தான் செவப்பு."

அன்று கல்லூரியில் நேசபாய் பார்த்ததும் அதே மஞ்சளாகத்தான் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் நினைத்து நினைத்து அவள் மனசு எல்லாவற்றையும் சிவப்பாக்கி வைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக் குளத்தில் தவளையை விட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் நேசபாய் அழுதாள். கண் போனபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. ஓமனா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்காமலே இருந்திருக்கலாம், என்னக்கா?" என்று முத்துக்கனி மெதுவாகக் கேட்டாள். வயசில் இளையவளை அவள் அக்கா என்று அழைத்தது அன்றுதான்.

"இல்ல. இப்பதான் ரொம்பப் பாக்கணும்போல இருக்கு" என்றாள் நேசபாய்.

அடுத்த வருஷம் நவம்பரில், அதுவரை திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த அந்தப் பகுதி தனி ஜில்லாவாகிச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. கூடத்துக்கு விடுமுறை. எல்லோரும் கருங்கல்லுக்கு ஊர்வலம் பார்க்கக் கிளம்பினார்கள். ஓமனாவும் நல்ல சேலை உடுத்தி நேசபாயைக் கூட்டிப்போக வந்தாள். வெளியே கொட்டுச் சத்தம் கேட்டது.

"ஊர்வலத்துக்கு நீங்க போங்க" என்றாள் நேசபாய். "சனிக்கிழமை வடசேரிக்குப் போவோமா? நீ பாரு, நான் கேக்குதேன்."