நான் கொடுத்த நான்கு மாத்திரைகள்

சேலத்து டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் நான் கேட்டு நடந்தேன், ஒன்றை மீறும் வரை. அந்த ஒன்றைப் பற்றி டாக்டரைத் தவிர யாரிடமும் இத்தனை வருஷம் முழுசாக வாய் திறக்கவில்லை. இனியும் மூடி வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்துக்குப் பக்கத்து மலையில், வாழவந்திக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் என் கணவர் ரைட்டர். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது அவர் பாடு. எங்கள் வீட்டை ஒட்டியே எஸ்டேட் ஜீப் டிரைவரின் வீடு. ஐம்பது வயதுக்காரர், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மனைவியோடு இருந்தார். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு நான் அம்மிணி.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. வாய்க்காரி என்று பேர் வாங்கியவள். பால்காரர் முதல் எஸ்டேட் மேனேஜர் துரையின் சமையல்காரர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இல்லை. அந்த ஐப்பசி மழையில் என் வாய் அடைத்துப்போனது. காரணம் என்று ஒன்றும் கிடையாது. யாரும் சாகவில்லை, சண்டை இல்லை, பசி பட்டினி இல்லை. காலையில் கண் விழித்தால், ஏன் விழித்தோம் என்று இருக்கும். குளிக்க ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு மத்தியானம் வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பனிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் என் கணவர். காத்து கருப்பு என்றார்கள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள். அவரவர்க்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, உயிர் உட்பட. அதை என் கணவரிடம் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னேன். மனுஷர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாளே டிரைவர் அண்ணா எங்கள் இரண்டு பேரையும் ஜீப்பில் சேலத்துக்குக் கூட்டிப் போனார். வளைவுக்கு வளைவு வண்டியை மெதுவாக ஒடித்தார். அடிவாரத்தில் நிறுத்தி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவே இல்லை. மனநல டாக்டர் என்று வெளியே தெரிந்தால் அந்தக் காலத்தில் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். திரும்பி வந்ததும் லைன் வீட்டுக்காரர்கள் விசாரித்தபோது அவரே முந்திக்கொண்டார். "அம்மிணிக்குப் பல்லு வலிங்க. கடவாப் பல்லு," என்றார். அந்தப் பொய்க்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கான மாத்திரை. எழுதுவதற்கு முன்னால் நிறையக் கேள்வி கேட்டார். நெஞ்சு வலி வந்ததுண்டா? கண்ணில் அழுத்தம் உண்டா? சிறுநீர் அடைப்பு? வலிப்பு? வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறேனா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். அந்தக் கேள்விகள் என் ஒருத்தியைப் பற்றியவை என்றே நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு விழுந்தது.

"ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் தெரியாதும்மா. பொறுமையா இருக்கணும். தூக்கம் வரும், வாய் உலரும், மலச்சிக்கல் இருக்கும். படுக்கையிலிருந்து சட்டுனு எந்திரிக்காதீங்க, தலை சுத்தும். நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. யாருக்கும் இதை எடுத்துக் கொடுக்காதீங்க," என்றார். அப்புறம் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார். "மாத்திரை இவங்க கையில இருக்கக் கூடாது. நீங்க வெச்சுக்கிட்டு ராத்திரிக்கு ராத்திரி ஒண்ணு கொடுங்க. ஒரு வாரத்துக்கு மேல வாங்கி வைக்காதீங்க."

ஏன் என்று எனக்குப் புரிந்தது. அவமானமாகவும் இருந்தது. என் கணவர் அட்டையை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கொண்டுவந்து, நான் விழுங்கும் வரை எதிரே நின்றார்.

வாரா வாரம் சேலத்திலிருந்து அந்த அட்டையை மலைக்குக் கொண்டுவந்தவர் டிரைவர் அண்ணாதான். எஸ்டேட் சாமான் வாங்கப் போகும்போது சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிவருவார். "பல்லு மாத்திரைங்க அம்மிணி," என்று சிரிக்காமல் நீட்டுவார்.

முதல் இரண்டு வாரம் மாத்திரை என்னைப் போட்டுப் புரட்டியது. நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது. கமலா ஆரஞ்சுச் சுளையை வாயில் அடக்கிக்கொண்டே வேலை செய்தேன். ஒரு தடவை வேகமாக எழுந்து அடுப்படியில் விழப் பார்த்தேன். நாலாவது வாரம் பால்காரர் பாலில் தண்ணீர் கலந்துகொண்டு வந்தார். விட்டேன் ஒரு டோஸ். பக்கத்து வீட்டில் அக்கா கேட்டுவிட்டு ஓடிவந்து, "அம்மிணி சத்தம் போட்டுட்டாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தேறிவிட்டேன் என்று ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

தேறிய பிறகு வந்தது வேறு கூத்து. எங்கள் மலையில் மருந்து என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள், யார் கையால் என்று கேட்பார்கள். கைராசி. கிடந்து எழுந்தவள் கையால் வாங்கிச் சாப்பிட்டால் நோய் நிற்காது என்று ஒரு நம்பிக்கை. எஸ்டேட் மருந்துப் பெட்டியில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையைக்கூட என்னிடம் கொண்டுவந்து, "உங்க கையால எடுத்துக் குடுங்க," என்பார்கள். கொடுப்பேன். பாதி நேரம் காய்ச்சல் விட்டும்விடும். விடாமல் எங்கே போகும்? ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது, அதை ஒளிப்பானேன். எதற்கும் உதவாதவள் என்று மாதக்கணக்கில் கிடந்தவளை வாசலில் நின்று நாலு பேர் கேட்டால் பிடிக்காமலா இருக்கும்?

டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார். மாத்திரையும் மாதத்துக்குச் சேர்த்து வந்தது. என் கணவரும் பூட்டுவதை நிறுத்திவிட்டார். "இனி நீயே பாத்துக்க," என்று அட்டைகளைச் சமையலறை அலமாரியில் வைத்தார்.

மறுவருஷம் ஆடியில் டிரைவர் அண்ணாவுக்கு மார்வலி வந்தது. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிர் பிழைத்து வந்தார், தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் நெஞ்சு நின்றுவிடுமோ என்று பயம். ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினார். ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஆஸ்பத்திரியில குடுத்ததெல்லாம் சாப்பிட்டுத்தானுங்க இருக்கேன். தூக்கம் மட்டும் வரமாட்டீங்குது. இன்னைக்கு வளைவுல கண்ணு சொக்கிருச்சுங்க. துரைக்குத் தெரிஞ்சா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பல்லு மாத்திரை இருந்தா உங்க கையால ரெண்டு குடுங்க."

எனக்காக அவர் எதையும் கேட்காமல் செய்தவர். நான் மட்டும் கேள்வி கேட்பதா என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். மார்வலி வந்தவர் என்பது எனக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரிக்கு அவருக்குக் கஞ்சி கொண்டுபோனவள் நான். அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, காலண்டரில் தேதி கிழித்த காகிதத்தில் மடித்து, வலது கையால் கொடுத்தேன். இரண்டு கேட்டவருக்கு நான்கு. தாராளம்.

மறுநாள் ஜீப்பை நிறுத்தி, "நல்லாத் தூங்குனனுங்க," என்றார். அதற்கு மறுநாள் வாய் உலர்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கமலா ஆரஞ்சு சாப்பிடச் சொன்னேன். எழுந்தால் கிறுகிறுக்குது, நெஞ்சு படபடங்குது என்றார். "எனக்கும் அப்படித்தானுங்கண்ணா இருந்துச்சு. போகப் போகச் சரியாயிரும்," என்றேன். படபடப்பு எனக்கு இருந்ததே இல்லை. பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன்.

மூன்றாவது மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் குரல் கேட்டது. ஓடினேன். குழாயடியில் பல் விளக்கக் குனிந்து நிமிர்ந்தவர் அப்படியே சரிந்திருந்தார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் ஓட்டிய ஜீப்பிலேயே அவரைப் படுக்கவைத்து இன்னொருவர் ஓட்டிப் போனார். அடிவாரம் வரை தாங்கவில்லை.

மார்வலிக்காரர், இரண்டாவது தடவை வந்துவிட்டது என்றார்கள். எல்லோரும் அதை நம்பினார்கள். நானும் தலையாட்டினேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்றோடு என் மாத்திரையையும் நிறுத்தினேன். அந்த அட்டையைத் தொட எனக்குக் கை வரவில்லை. நாலு நாளில் குமட்டல், தலைவலி, கை நடுக்கம். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. துக்கத்தில் இப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்து என் கணவர் பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் அறையில் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இதயம் அடிபட்டவங்களுக்கு இந்த மாத்திரை துடிப்பையே குழப்பிடும்மா. ரத்த அழுத்தத்தையும் சட்டுனு இறக்கிடும். அவர் இதனாலதான் போனார்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

"நான் கொன்னுட்டேனுங்களா?"

"கொடுத்திருக்கவே கூடாது," என்றார். "நீங்க இப்படித் திடீர்னு நிறுத்தியிருக்கவும் கூடாது. நிறுத்தறதா இருந்தா நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். இன்னைக்கே மறுபடி ஆரம்பிங்க. பூட்டி வைங்க." அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காரியம் முடிந்து நாலைந்து நாள் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. நான் கொடுத்த காப்பியைத் தொடவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்தார். தேதி கிழித்த காகிதம். என் மடிப்பு.

"அவரு நொம்ப நாளைக்கப்புறம் அந்த மூணு நாளுதான் கண்ணு மூடி நல்லாத் தூங்குனாரு. உங்க கைராசி. போறப்பவாச்சும் தூங்கிட்டுப் போனாரேன்னு ஒரு நிம்மதி." காகிதத்தைப் பிரித்தார். ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. "எனக்கும் தூக்கமே இல்லீங்க. நேத்து இதை எடுத்து வாயில போடப் போனேன். அப்புறம் உங்க கையால வாங்கிச் சாப்பிடலாம்னு கொண்டாந்தேன்."

மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வாங்கிக்கொள்வதற்காகத் தன் கையை நீட்டினார்.

நான் கையை மூடிக்கொண்டேன். "இது உங்களுக்கு ஒத்துக்காதுங்க அக்கா. டாக்டரைப் பாத்து அவர் கொடுக்கறதைத்தான் சாப்பிடணும். நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"அவருக்கு ஒத்துக்கிச்சுங்களே," என்றார் அக்கா. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரிடம் மிச்சம் இருந்த நிம்மதி அந்த மூன்று நாள்தான். ஆனால் உண்மையைச் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் லைன் வீட்டிலிருந்து இன்னொரு கை நீளும், அதற்கும் நான் எதையாவது சொல்லி மழுப்ப வேண்டியிருக்கும்.

"அவருக்கும் ஒத்துக்கலீங்க அக்கா," என்றேன்.

அக்கா என் மூடிய கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கை மடியில் இறங்கியது. எழுந்து, காப்பி ஆறிப்போன டம்ளரை எடுத்து, வழக்கம்போல் எங்கள் தொட்டியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னை அம்மிணி என்று கூப்பிடவில்லை.