கண்ணாடிக்காரர் பார்த்து வந்த மருமகள்

இரண்டு கையிலும் கண்ணாடிப் பலகை இருந்தால் அழைப்பு மணியை எதைக்கொண்டு அடிப்பது? அதனால் கண்ணாடிக்காரர் படியேறும்போதே விசிலடிப்பார். ஏறி, இறங்கி, மறுபடி ஏறும் மூன்று சுரம். அடுப்பில் எது இருந்தாலும் அவர் மனைவி ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். வெறுங்கையோடு வரும் நாளிலும் அவருக்கு அதே விசில்தான். மகள் வளர்ந்து, அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டமும் வாங்கிவிட்டாள். விசில் மாறவில்லை.

உள்ளே வந்துவிட்டால் மனிதர் பேசமாட்டார். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

மாடியில் குடியிருந்த நர்ஸ் வெளியூர் வேலைக்குப் போகும்போது தன் காக்கட்டீல் கிளியைக் கூண்டோடு கொண்டுவந்து விட்டாள். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை.

"மூணு மாசம் பார்த்துக்கோங்கண்ணே. பேரு துரை. பேருக்கேத்த மாதிரி அதிகாரம் பண்ணுவான்."

பண்ணினான். கூண்டுக்குள் கைவிட்டால் கொண்டையைப் படியவைத்துப் பாம்புபோலச் சீறுவான். யாராவது அறையைவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை கூப்பிடுவான். தூக்கம் வந்தால் அலகை நறநறவென்று அரைப்பான். கண்ணாடிக்காரர் ஓரம் தேய்த்த முகக்கண்ணாடித் துண்டொன்றைக் கூண்டில் மாட்டியதும் அதில் தெரிந்த ஆளுக்குக் கச்சேரியே நடத்தினான். போகப்போக அவருடைய விசிலையும் பிடித்துக்கொண்டான். அம்மா கதவைத் திறந்து திறந்து வெறும் படியைப் பார்த்தாள்.

"அப்பனுக்கும் பிள்ளைக்கும் கதவு திறக்கவே பொறந்திருக்கேன்!"

மகளுக்கு வேறொன்று உறுத்தியது. வேலை தேடி அலையும் தன்னிடம் 'என்ன ஆச்சு' என்று கேட்காதவர், கூண்டருகே நாற்காலி போட்டு அன்றைய கதையெல்லாம் சொன்னார். எந்த வீட்டு ஜன்னல் கோணல், எந்தக் கண்ணாடி கையிலேயே விரிசல் விட்டது. அவளும் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். தனக்காகவும்தான் சொல்கிறாரோ என்று நினைத்தாள், கேட்கவில்லை.

நர்ஸ் திரும்பி வந்தாள். துரை மாடிக்குப் போனான். கீழே கண்ணாடிக்காரர் விசிலடித்தால் மேலே பதில் வந்தது. அவர் உள்ளே போய்விட்டால் பதில் அலறலாக மாறியது. அவர் விசிலை நிறுத்திக் கதவைத் தோளால் இடித்தார். துரைக்கு அவர் காலடிச் சத்தமே போதுமாயிருந்தது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்க வேண்டிய நர்ஸ் கூண்டோடு இறங்கி வந்தாள்.

"உங்க பிள்ளைய நீங்களே வெச்சுக்கோங்கண்ணே. அவன் தொண்டையும் போச்சு, என் தூக்கமும் போச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "சும்மா வாங்கிக்க மாட்டேன் சிஸ்டர். இவனுக்கு ஜோடி சேர்க்கிறேன். முதல் குஞ்சு உங்களுக்கு. இது என் வார்த்தை."

"அதுக்காவது விசில் கத்துக்குடுக்காம அனுப்புங்க."

பறவைக் கடைக்கு மகளும் கூடப் போனாள். மூலையில் மங்கிய முகத்தோடு பேசாமல் இருந்தவற்றை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. துரை கண்ணாடியில் யாரைப் பார்த்துப் பாடினானோ, அச்சு அசல் அதே மஞ்சள் முகம், அதே பாட்டு உள்ள ஒன்றைக் காட்டினார். "இவளைத்தானே இத்தனை நாளும் தேடுறான்." மகளுக்கும் அது சரியாகவே பட்டது.

மருமகள் வந்ததும் வீடு ரெண்டுபட்டது. ஒன்று பாடினால் மற்றது அதைவிட உரக்கப் பாடியது. முட்டையிட வைத்த மரப்பெட்டி காலியாகவே கிடந்தது. நர்ஸ் வந்து பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பொண்ணு பார்க்கப் போய் இன்னொரு மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கீங்கண்ணே! பொட்டைக்கு முகம் இவ்வளவு மஞ்சளா இருக்காது. பாட்டும் இப்படி வராது."

"படிச்ச பொண்ணும் கூடத்தான் வந்தா" என்று அவர் மகளைக் கைகாட்டிவிட்டார்.

"எல்லாம் தொழில் புத்தி" என்றாள் அம்மா. "கண்ணாடியில தெரியறது அவன் மூஞ்சின்னுகூடவா தோணல?"

அடுத்த மாதம் ஒரு பெட்டை வாங்கிவிடலாம் என்றார். அடுத்த மாதம் பெரிய கடைமுகப்பு வேலை வந்தது. அப்புறம் மழை. மருமகள் அந்தப் பெயரோடே ஆண்மகனாக வளர்ந்தான். சண்டை ஓய்ந்து இரண்டும் ஒரே குச்சியில் ஒட்டி உட்கார்ந்தன. படியில் நர்ஸைப் பார்க்கும்போதெல்லாம் "மறக்கல சிஸ்டர்" என்பார் அவர்.

ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். சில வாரம் கழித்து மகள் கூண்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

"அப்பா உங்களுக்கு ஒண்ணு தரணும்க்கா. ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோங்க."

"அவர் சொன்னது குஞ்சு. இவனுங்க ரெண்டு தடிப்பசங்க. பிரிச்சா கத்தியே தீர்த்துடுவானுங்க."

"அப்போ அப்பா குடுத்த வார்த்தை?"

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் நர்ஸ். "கூண்டைக் கீழ வை, கை வலிக்கப் போகுது. டீ போடுறேன்."