எண் சொல்லாமல் ஓடிய சோதனை

மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் இயந்திரம் பழுதுபார்த்த என்னை மென்பொருள் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். தேறாவிட்டால் வேலை இல்லை. பழைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இயந்திரங்களை இயக்கும் மென்பொருளைத் தானாகவே சோதிக்கும் நிரல்களைக் கவனிப்பது என் பொறுப்பு. எந்த இயந்திரத்தைச் சோதிப்பது என்பது நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தது. இயந்திரம் மாறும்போதெல்லாம் நிரலைத் திறந்து எண்ணைத் திருத்த வேண்டும். நான் அதை மாற்றினேன். கட்டளை வரியில் சோதனையின் பெயரை அடுத்து எண்ணைத் தட்டினால் போதும். தட்ட மறந்தால் நான்காம் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளும். அது சோதனைக்கென்றே ஒதுக்கியது. "மறதிக்கும் வழி செய்தாயிற்று" என்று நாட்குறிப்பில் எழுதினேன், சற்றுப் பெருமையாகவே.

ஐந்தாம் மாதம் அந்த நான்காம் இயந்திரத்தை உற்பத்திக்குக் கொண்டுபோனார்கள். அதையும் தேதி, நேரத்தோடு குறித்தேன். குறித்ததோடு சரி, யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு எண் தட்டாமல் சோதனையை ஓட்டினேன். அரை நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. உற்பத்தி வரிசையில் வேலை செய்யும், பாலிங் ஊரைச் சேர்ந்த பெண்.

"அண்ணே, நீங்க ஏதும் ஓட்டுறீங்களா? நாலாம் மெசின் கை தானா ஆடுது. நான் ஸ்டாப் அமுக்கிட்டேன்."

"போர்டு அடுக்குன தட்டு உள்ள இருந்துச்சாம்மா?"

"இல்லலா. இப்பதான் எடுத்தேன். எந்த மெசின்னு சொல்லி ஓட்டுனீங்க?"

"எதையும் சொல்லலம்மா. சொல்லலன்னா நாலுக்குப் போவும்."

"நல்லா இருக்கே! பஸ்காரன்கூட ‘பி மானா’, எங்க போறேன்னு கேட்டுட்டுதான் டிக்கெட் குடுக்கிறான். உங்க டெஸ்டு கேக்காதா?"

தட்டு உள்ளே இருந்திருந்தால் அதிலிருந்த மின்சுற்றுப் பலகைகள் நொறுங்கியிருக்கும். என் வேலையும் அன்றே போயிருக்கும். வரிசைப் பதிவேட்டில் அவர் நடந்ததை நடந்தபடியே எழுதினார்: கை அசைந்தது, உடனே நிறுத்தினேன், தட்டு இல்லை, சேதம் இல்லை. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். இரண்டு பதிவுகளையும் காட்டி, தவறு என்னுடையது என்றேன். அவர் பதிவேட்டை வரவழைத்துப் படித்தார். "இனிமேல்?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்குள் அந்த வசதியை எடுத்துவிட்டேன். எண் இல்லாமல் தட்டினால் சோதனை தொடங்காது. திரையில் மலாயில் ஒரு கேள்வி மட்டும் வரும். மேலாளர் தாமே இரண்டு முறை எண்ணில்லாமல் தட்டிப் பார்த்தார். அது ஓடவில்லை. தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் கைக்கு வந்தது.

அதைக் காட்டத்தான் உற்பத்தி வரிசைக்குப் போனேன். அந்தப் பெண் கடிதத்தை விட்டுவிட்டு என் கையிலிருந்த மடிக்கணினியின் திரையைப் பார்த்தார். "மெசின் மானா?", எந்த இயந்திரம் என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

"என் வாயை அப்படியே உள்ள வச்சிட்டீங்களா அண்ணே?"

"ஆமாம்மா. ரொம்ப நன்றி."

"நன்றி இருக்கட்டும். நம்பரத் தட்டுங்க."

தட்டினேன்.