தரையில் இருந்த ஏழு சீட்டுகள்

சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்பு நடந்தது இது. அரியலூர் ரயிலடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு சிறிய ஊர். அங்கே பஞ்சாயத்து போர்டுக்குத் தேர்தல். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் வேண்டுமென்றேதான் விடுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும். செவ்வாய்க்கிழமை, கடலை பறிப்புக் காலம், வாக்குப்பதிவு காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை. இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. பதினேழு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கையெழுத்து நன்றாக இருக்கும், எண்ணிக்கை பிசகாது என்பதற்காக என்னை அந்த ஊர் வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. கொடுத்திருந்த விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்து, முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

இப்போது ஒரே பெட்டி, சீட்டில் முத்திரை குத்திப் போடுகிறோம். அன்று அப்படி இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு நிறம். அன்றைக்குப் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் உள் அறையில் இரண்டையும் வைத்து, வாசலில் ஒரு பழைய ஜமக்காளத்தைத் திரையாகக் கட்டியிருந்தோம். முன் அறையில் நான் சீட்டுக் கொடுப்பேன். வாக்காளர் திரைக்குப் பின்னால் போய், தனக்கு வேண்டிய நிறப் பெட்டியின் வாய்க்குள் சீட்டைப் போட்டுவிட்டு வருவார். யாருக்குப் போட்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பச்சைப் பெட்டி, ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாருடையது. சிவப்பு, கதர் கட்டிக்கொண்டு புதிதாகக் கட்சியில் சேர்ந்த மளிகைக்கடைக்காரருடையது. மிராசுதாரின் ஏஜெண்டாக அவருடைய கணக்குப்பிள்ளையும், கடைக்காரரின் ஏஜெண்டாக அவருடைய மைத்துனரும் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரே பெஞ்சில், இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள்.

வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தேர்தலில் ஓட்டு. சேரித் தெருவிலிருந்து அதுவரை ஒரு பெயர்கூடப் பட்டியலில் இருந்ததில்லை. அந்த வருஷம் ஏழு பெயர் ஏறியிருந்தது. அதற்குக் காரணம் ரயில்வேயில் தண்டவாளம் பழுது பார்க்கும் கேங்மேனாக இருந்த ஒருவர். முப்பது வயதிருக்கும். தன் தெருவில் சொந்தமாகச் சுவர் வைத்துக் கூரை போட்டிருந்தவர்களைப் பேசிப் பேசி வீட்டு வரி போட வைத்து, ரசீதுகளை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக இரண்டு வருஷம் நடந்து ஏற்றிய பெயர்கள் அவை. மற்ற ஆறு பேரும் மிராசுதார் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த ஆறில் ஒருவர் பெண், கணவரை இழந்தவர்.

காலையில் கூட்டம் இருந்தது. வந்தவர்களை நான் எழுந்து திரை வரை அழைத்துப் போய், பெட்டியின் வாய் எங்கே இருக்கிறது, எப்படிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். கண் தெரியாத ஒரு பெரியவருக்குக் கையைப் பிடித்தே காட்டினேன். அந்த ஏழு பேரும் எதிரே வேப்பமரத்தடியில் நின்று, கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்தார்கள். பத்தரைக்குச் சாவடி காலியானதும் வந்தார்கள். நான் பெயரைச் சரிபார்த்து, எண்ணை எழுதி, சீட்டைக் கிழித்தேன். "உள்ள போயி போட்டுட்டு வாங்க" என்று உட்கார்ந்தபடியே திரைப்பக்கம் கையைக் காட்டினேன். ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போய் வந்தார்கள். ஆறு பேர் கடலைக் கொல்லைக்குத் திரும்பினார்கள். கேங்மேனுக்கு அன்று லீவு. அவர் மரத்தடியிலேயே நின்றார்.

அதன் பிறகு சிறிது நேரம் யாரும் வரவில்லை. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டியது என் வேலை. பத்து ஐம்பதுக்கு ஜமக்காளத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

தரையில் ஏழு சீட்டுகள் இருந்தன. மடிக்காமல், கசங்காமல். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அந்த அறை மூலையில் குவித்து வைத்திருந்த கற்கள்.

அவற்றைப் போட்டிருக்க வேண்டியது பெட்டிக்குள். எந்தப் பெட்டிக்கு முன்னால் வைத்திருந்தார்களோ, அதுதான் அவர்களுடைய ஓட்டு. அந்தத் தரையை ஒரு முறை பார்த்தவனுக்கு ஏழு பேரும் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். சீட்டில் எண் இருக்கிறது, சீட்டுப் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையில் பெயர் இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

பேசாமல் எடுத்துப் பெட்டிக்குள் நானே போட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால் அது நான் போட்ட ஓட்டாகிவிடும். ஏழு சீட்டையும் பொறுக்கி, வரிசையைக் கலைத்து, ஒரு உறையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ஏழு சீட்டுகள் தரையில் இருந்ததாக இரண்டு ஏஜெண்டுகளிடமும் சொன்னேன்.

கணக்குப்பிள்ளை தொடையில் தட்டிச் சிரித்தார். "தரையில கெடந்தா அது ஓட்டாங்க சார்? குப்பை. ஏழு செல்லாதுன்னு எழுதிட்டு வேலையப் பாருங்க" என்றவர், கொஞ்சம் குனிந்து, "அது கெடக்கட்டும். எந்தப் பொட்டிக்கு முன்னால கெடந்துச்சு?" என்றார்.

"ஆமா சார், அதச் சொல்லுங்க மொதல்ல" என்று மைத்துனரும் எழுந்துவிட்டார். "எங்க பொட்டி முன்னாலன்னா அது எங்களுக்குத்தான? அப்புடியே உள்ள தள்ளிவுட்டுடுங்க."

காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இந்த ஒரு கேள்வியில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

"தரையில இருந்துச்சு. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்" என்றேன்.

"எறும்பு போறதக்கூட மணி பாத்து எழுதி வைக்கிற ஆளு நீங்க" என்றார் கணக்குப்பிள்ளை. "ஏழு காயிதம் எங்க இருந்துச்சுன்னு தெரியாதாக்கும்?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவர் சிரிப்பு நின்றது. எங்கள் பள்ளிக்கூட மேனேஜர் மிராசுதாருக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதை எனக்கு நினைவுபடுத்தினார். அது உண்மைதான். வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

சத்தம் கேட்டுக் கேங்மேன் வாசற்படி வரை வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். "போட்டுட்டு வாங்கன்னுதான சொன்னேன், ஏன் கீழ வச்சீங்க?" என்று சற்று கோபமாகவே கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "சார், கோவிச்சுக்கக் கூடாது. மத்தவங்களுக்குச் சீட்டக் கையில குடுத்தீங்க. எங்களுக்கு மேச ஓரத்துல வச்சீங்க, நாங்க எடுத்துக்கிட்டோம். கடையில, கொல்லையில எங்கயும் எங்களுக்கு அப்புடித்தான். எங்களுக்கு முன்ன போன யாரையும் நாங்க பாக்கல. நீங்க வச்ச மாரியே நாங்களும் வச்சிட்டு வந்துட்டோம். அது தப்புங்களா?"

"சாமின்னு சொல்லாம சார்ங்குறான் பாரு. ரயில்வே துரை" என்றார் கணக்குப்பிள்ளை, மைத்துனர் பக்கம் திரும்பி.

எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. நான் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது நிஜம். அந்தத் தெருப் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்துப் பாடம் சொல்கிறவன், இந்த வித்தியாசமெல்லாம் என்னிடம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஆனால் என் கை அவர்களுக்கு ஏழு முறை சீட்டை மேசையில் வைத்திருக்கிறது. ஏழு முறையும் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கவனித்து எழுதுகிற நான் என் கையைக் கவனிக்கவில்லை.

விதிப் புத்தகத்தை எடுத்து நான்காவது முறை படித்தேன். பெட்டிக்குள் போடாத சீட்டு எண்ணிக்கையில் சேராது என்று இருந்தது. சாவடி மூடுவதற்குள் அந்த வாக்காளரே திரும்பி வந்து போடக்கூடாது என்று எங்கும் இல்லை. ஒரு தாளை எடுத்து, வாக்காளர்களுக்குச் சரியாக விளக்காதது அதிகாரியாகிய என் தவறு, அவர்கள் ஐந்து மணிக்குள் நேரில் வந்தால் அதே சீட்டைத் திருப்பிக் கொடுப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"எழுதுங்க, எழுதுங்க. யாரு வரப்போறா?" என்றார் கணக்குப்பிள்ளை. "ஆறு பேரும் ஐயா கொல்லையில பறிச்சிக்கிட்டு இருக்காங்க. காலையில ஒரு தடவ வுட்டாச்சு."

மைத்துனர் கேங்மேனிடம் போய், "ஏம்ப்பா, எந்தப் பொட்டின்னு நீயாச்சும் சொல்லிடு. இங்கயே முடிஞ்சிடும்" என்றார்.

"வேண்டாங்க" என்றார் கேங்மேன். "ரெண்டு வருசம் நடந்து வாங்கினது. எங்க ஓட்ட நாங்களே போட்டுக்குறோம்."

பதினொன்றே காலுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கொல்லை இரண்டு மைல். பன்னிரண்டு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. யாரும் வரவில்லை. இடையில் வந்த அத்தனை பேருக்கும் எழுந்து நின்று சீட்டுக் கொடுத்தேன். கண் மட்டும் ரோட்டில் இருந்தது. கணக்குப்பிள்ளை வெற்றிலை போட்டுக்கொண்டு, "மணி என்னாச்சு சார்?" என்று கால் மணிக்கு ஒரு தரம் விசாரித்தார்.

நான்கு இருபத்தைந்துக்கு ரோட்டில் புழுதி தெரிந்தது. ஏழு பேரும் வந்தார்கள். கை, முழங்கால் எல்லாம் செம்மண். அந்த அம்மாள் மடியில் இன்னும் கடலை இருந்தது.

கணக்குப்பிள்ளை எழுந்துவிட்டார். "எவன்டா வுட்டது ஒங்கள?"

"ஐயாதாங்க" என்றார் கேங்மேன். மேல்மூச்சு வாங்கியது. "காலையிலேர்ந்து வண்டி கட்டிக்கிட்டு ஓட்டுக் கேட்டுச் சுத்துறாரு, நாலு மணிக்குத்தான் கொல்லைக்கு வந்தாரு. நேரா போயி கேட்டேன். 'நாளைக்கு நீங்க ஜெயிச்சா, ஏழு ஓட்டத் தரையில போட வச்சு ஜெயிச்சாருன்னு கடைத்தெருவுல பேசுவாங்கங்க. ஒங்களுக்கு எதுக்குங்க அந்தப் பேரு'ன்னேன். மீசையத் தடவிக்கிட்டு, 'எல்லாம் நமக்குத்தான போட்டீங்க?'ன்னாரு."

"நீ என்னடா சொன்ன?"

"நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லலங்க. சிரிச்சேன். 'போயிட்டு வாங்கடா'ன்னுட்டாரு."

மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணக்குப்பிள்ளை நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

நான் எழுந்து நின்றேன். பெயர் பார்த்து, எண் பார்த்து, அவரவர் சீட்டை அவரவர் கையில் கொடுத்தேன். முதல் ஆள் பழக்கத்தில் ஓர் அடி பின்வாங்கினார். நான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேசையில் கிடந்த ஒரு காலி டப்பாவில் காகிதத் துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொருவரையும் திரை வரை கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் கடைசி. செம்மண் ஒட்டிவிடும் என்று கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, பிறகு நீட்டினார். உள்ளே போனவர் வர நேரமாயிற்று. வெளியே வந்து என்னைப் பார்த்து, "வெரல வுட்டுப் பாத்தேன் சார். திரும்ப எடுக்க வரல. நல்ல பொட்டிதான்" என்றார். கணக்குப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டார்.

நான்கு ஐம்பதுக்கு உள்ளே போய்ப் பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. கற்களையும் எடுத்து மூலையில் போட்டிருந்தார்கள்.

யார் ஜெயித்தார் என்று கேட்பீர்கள். சொல்வதில் தடையில்லை: மிராசுதார்தான். வித்தியாசம் ஏழு ஓட்டைவிட நிறையவே அதிகம். அதனால் அதை வைத்து நீங்கள் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார், எழுதிக் கொடுத்த தாளின் நகலைக் காட்டினேன், அனுப்பிவிட்டார். அன்று டைரியில் எல்லாவற்றையும் நிமிஷக் கணக்கோடு எழுதினேன். சீட்டுகள் எந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தன, ஏழும் ஒரே இடத்தில் இருந்தனவா அல்லது இங்கும் அங்குமாக இருந்தனவா என்பதை மட்டும் எழுதவில்லை.

போன வருஷம் ரயிலடியில் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. மிராசுதார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நிலமும் கைமாறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவாச்சும் சொல்லுங்க சார், எந்தப் பொட்டி? யாருக்கு என்ன நட்டம்?" என்றார். "ஒரு நட்டமும் இல்லைங்க" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. ரயில் வந்துவிட்டது.

வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ நற்சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு மைல் ஓடி வந்து தங்கள் ஓட்டைத் தாங்களே போட்ட ஏழு பேரின் ரகசியம் இன்றுவரை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பதை நினைக்கும்போது மட்டும்தான், என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை வருகிறது.