தமிழ் பேசக் கூடாத வீட்டில் ஆங்கில டியூஷன்

கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என்றால், ஊரார் பிள்ளையின் பரீட்சைக்கு நாம் பயந்து சாவது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தொண்ணூறுகளில் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு எத்தனையோ வீடுகளுக்குப் போனேன். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள், சில வீட்டில் பேச்சு கொடுத்தார்கள். எல்லாம் மறந்துபோச்சு. ஆனால் ஏப்ரல் பிறந்தால் இன்றைக்கும் ஒரே ஒரு வீடு மட்டும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

மின்விசிறியைப் பார்க்கும் பெண்

சாந்தோமில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கப் போர்ஷன். அப்பா கோதண்டம், ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். அம்மா மல்லிகா. ஒரே பெண் கௌரி, வயது பதின்மூன்று, தமிழ் மீடியத்தில் எட்டாவது முடித்திருந்தாள். அடையாறில் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் ஒன்பதாவதுக்கு இடம் கேட்டிருந்தார்கள். மார்க்கெல்லாம் சரிதான், ஆனால் ஜூனில் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் இங்கிலீஷில் பேசிக் காட்டினால்தான் சீட் என்று சொல்லிவிட்டார்கள்.

கௌரி முத்து முத்தாக எழுதுவாள். "வாட் ஈஸ் யுவர் நேம்?" என்று கேட்டால் மட்டும் மின்விசிறியைப் பார்ப்பாள். கரண்ட் போய் அது நின்றிருந்தாலும் அதையேதான் பார்ப்பாள். நிலைப்படியில் கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சமையலறையில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. அத்தனை பேர் காது கொடுத்தால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும், குழந்தை என்ன செய்யும்? முதல் நாள் கிளம்பும்போது கோதண்டம் என் சைக்கிள் வரைக்கும் வந்தார். "பட்டறைக்கு வர்ற ஆபீசருங்க இன்னிக்கும் என்னை நிக்க வெச்சு இங்கிலீஷ்ல திட்றாங்க டீச்சர். இன்னா சொல்றாங்கன்னே தெரியாம தலையாட்டிக்கினு நிக்கிறேன். எம் பொண்ணு அப்டி நிக்கக் கூடாது."

ஊரடங்கு

மே மாதம் தொடங்கியதும் கோதண்டத்துக்கு யாரோ ஒரு யோசனை சொல்லிவிட்டார்கள். 'வீட்டுல தமிழை நிறுத்துனா இங்கிலீஷ் தானா வரும்.' நிறுத்திவிட்டார்! எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போனபோது அந்த வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. கோதண்டத்துக்குத் தெரிந்தது 'கம்', 'கோ', 'ஈட்', 'ஸ்லீப்'. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷன் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். மல்லிகாவுக்கு அந்த நாலும் கிடையாது.

ஜூன் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. பேசிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தமிழும் போய், அந்தப் பெண் சுத்தமாக ஊமையாகியிருந்தாள். தண்ணீர் கேட்கும் சாக்கில் சமையலறைக்குப் போனேன். மல்லிகா குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ரகசியமாகத் தமிழில் பேசினாள். "ஸ்கூல் கெடைக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா எம் பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கினு எத்தினி நாளு டீச்சர் நான் சும்மாவே குந்திக்கினு இருக்கறது?"

விண் விண்

ஒரு நாள் கௌரி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். திமிர் என்று நினைத்து அதட்டினேன். நிமிர்ந்தபோது கண் நிறையத் தண்ணீர். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது, காதுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. நேற்று இன்று வந்த வலி இல்லை அது.

மல்லிகா அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள், நானும் பின்னாலேயே ஓடினேன். காதுக்குள்ளே கட்டி, இன்னும் விட்டிருந்தால் கேட்காமலே போயிருக்கும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், பட்டறையிலிருந்து ஓடிவந்திருந்த கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வீட்டுக்குத் தமிழ் திரும்பி வந்தாத்தான் நானும் வருவேன், பாத்துக்கோங்க!" கௌரியிடம் மட்டும் மெதுவாக, 'அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாடி கண்ணு?' என்று கேட்டேன். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு இங்கிலீஷ்ல எப்டி மிஸ் சொல்றது?"

கல்யாணக் கேள்வி

காது ஆறியபோது ஜூனுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. தமிழ் வீட்டுக்குத் திரும்பியிருந்தது, ஆனால் இங்கிலீஷ் இன்னும் வாயை விட்டு வெளியே வரவில்லை. பயத்தில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன். கோதண்டம் பட்டறைக்குப் போன நேரமாகப் பார்த்து மல்லிகாவையும் எதிரே உட்காரவைத்தேன். நான் இங்கிலீஷ் மட்டும் பேசுவேன், அம்மா தமிழ் மட்டும் பேசுவாள், நடுவில் கௌரி இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மல்லிகா எத்தனை நாள் பேசாமல் இருந்தவள்! பிடித்துக்கொண்டாள். என் ஊர் எது, புடவை எங்கே வாங்கியது, குழம்புக்குப் புளி எவ்வளவு. கௌரி திக்கினாள், திணறினாள், ஆனால் அம்மா விடுவதாயில்லை. "டீச்சருக்கு இவ்ளோ வயசாகியும் ஏன் கல்யாணம் ஆகலன்னு கேளு" என்றாள் மல்லிகா. கௌரி என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "மிஸ், மை மதர் ஈஸ் ஆஸ்கிங், ஆர் யூ வெரி டயர்டு?" என்றாள். தானாகப் பேசிய முதல் வாக்கியம், அதுவும் பச்சைப் பொய்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மல்லிகாவுக்கு ஒரே சந்தேகம். "நான் இம்மாம் பெருசா கேட்டேன், இவ இத்துனூண்டுல முடிச்சிட்டாளே?"

ஜன்னலோர பெஞ்சு

அந்த நாளும் வந்தது. கோதண்டமும் கௌரியும் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள்ளே போனார்கள். நான் வராந்தாவில், ஜன்னலை ஒட்டின பெஞ்சில். கைக்குட்டையைப் பிழிந்தால் சொட்டும். "வாட் டிட் யூ டூ திஸ் சம்மர்?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அப்பாடா, தெரிந்த கேள்வி! மெரினா, ஐஸ்கிரீம், பலூன் என்று உருப்போட வைத்திருந்தேன்.

கௌரி மெரினா பக்கமே போகவில்லை. "திஸ் சம்மர் மை ஃபாதர் ஸ்டாப்டு தமிழ் இன் அவர் ஹவுஸ்" என்று ஆரம்பித்தாள். அடிப்பாவி! "மை இயர் வாஸ் பெயினிங். ஐ டிட் நாட் டெல் மை மதர். மை மதர் நோஸ் ஒன்லி தமிழ்." சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தாமல். பக்கத்தில் அவள் அப்பா பெருமை தாங்காமல் "எஸ் மேடம், எஸ் மேடம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சீட் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கோதண்டத்திடம் தமிழில், "பொண்ணைச் சேர்த்துக்கறோம். இப்போ காது எப்படி இருக்கு அவளுக்கு?" என்று கேட்டார். கோதண்டத்தின் தலை ஆடுவது நின்றது.

வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் மனுஷன் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். வீட்டுக்குப் போனதும் அடிப்பாரோ என்று எனக்குப் பயம். கௌரி என் முதுகுக்குப் பின்னால். அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "பக்கத்துலயே குந்திக்கினு என்னையே போட்டுக் குடுத்திருக்கா, எனக்கு ஒரு வார்த்தை புரியல பாருங்க. அப்டின்னா நல்லாத்தான் பேசறா, இல்ல டீச்சர்?"

ஊமையாக இருந்த பிள்ளைக்கு வாய் வந்தால் முதல் அடி பெற்றவர்களுக்குத்தான் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நம்மை யாரும் டியூஷனுக்குக் கூப்பிடவே மாட்டார்கள்.