ஒக்னியானின் எட்டு டிஸ்குகள்

நவம்பரில் எல்லையோரத்து விதின் நகரத்தின் மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ருமேனியா மறைந்துவிடும். இரண்டொரு நாளில் ஆறும் மறையும். அந்த வருடம் அதே வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஃபைல்கள் திறக்காமல் போயின. எதுவும் அழிந்துவிடவில்லை. சொடுக்கினால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். காபி குடித்துவிட்டு வந்தாலும் சுற்றும்.

நாங்கள் நிலம் அளந்து வரைபடம் போடுகிறவர்கள். ட்ரோன் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் மலையளவு பெரிய ஃபைலாக இருக்கும். எல்லாம் கீழ்த்தள அறையில் இருந்த ஒரே சர்வரில்தான் கிடந்தன. அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர் ஒக்னியான்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நெடிய உருவம், கதவு எதுவானாலும் குனிந்து நுழைகிற பழக்கம். இளமையில் ஸ்தாரா ஸகோரா நகரில் கணினி டிஸ்க் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். அந்தக் காலத்து டிஸ்க் சலவை இயந்திரம் அளவு இருக்கும் என்பார். தொழிற்சாலை மூடியதும் சொந்த ஊருக்குத் திரும்பி டிவி பழுது பார்த்தார், லாட்டரிக் கடையில் உட்கார்ந்தார். பிறகு ஸ்தமென் கூப்பிட்டார். ஸ்தமென் எங்கள் முதலாளி. இருவரும் ஒரே பாசறையில் படைச் சேவை செய்தவர்கள். தனியாக இருக்கும்போது 'வாடா போடா', எங்கள் முன்னால் 'நீங்க'.

ஒக்னியானின் மனைவி இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர். முதலில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வந்தார். பிறகு ஈஸ்டருக்கு மட்டும். பிறகு போன் மட்டும். மகள் வலென்சியாவிலிருந்து "இங்க வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அங்கே போய் மகள் வீட்டு சோபாவில் படுத்துக்கிடக்க அவருக்கு மனமில்லை. இந்த ஊரில் அவரைத் தேடிக் கூப்பிடுகிற இடம் என்று மிச்சமிருந்தது எங்கள் அலுவலகம் ஒன்றுதான்.

சர்வர் மெதுவானதும் முதலில் எல்லாரும் கிண்டலடித்தோம். வரைபடப் பிரிவின் கால்யாவுக்கு வாய் நீளம்.

"ஒக்னியான் அண்ணே, இந்த ஃபைல் திறக்கறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன் போலிருக்கு."

"ஆயிடு தாயி. உன் பென்ஷன் பேப்பரும் அதுக்குள்ளதான் இருக்கு. அதுவும் திறக்காது."

ஆற்றங்கரை வரைபடத்துக்கான நகராட்சி டெண்டர் கைநழுவியதோடு கிண்டல் நின்றது. படங்களைச் சேர்த்து முடிக்க முடியாமல் கெடு தாண்டிவிட்டோம். ஸ்தமென் எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"டிசம்பர் ஆறு, புனித நிக்கோலாஸ் நாளுக்குள்ள சரியாகணும். இல்லேன்னா சோஃபியாவுல ஒரு கம்பெனிகிட்ட பேசி வச்சிருக்கேன். ஃபைலெல்லாம் அவங்க இடத்துக்குப் போயிடும். இங்க சர்வரே இருக்காது."

சர்வர் இல்லாத இடத்தில் ஒக்னியானுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கு அந்த மாதம் குடியிருப்பு அனுமதி புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு முதலாளி கடிதம் தர வேண்டும். நானும் கேட்கவில்லை.

ஒக்னியான் கேபிள்களை மாற்றினார். வைரஸ் தேடும் மென்பொருளை நிறுத்திப் பார்த்தார். எட்டு டிஸ்குகளில் ஒன்றின் மேல் சந்தேகப்பட்டுப் புதியதைச் செருகினார். பழைய ஏழிலிருந்தும் தகவலைக் கணக்குப்போட்டு எடுத்துப் புது டிஸ்கை நிரப்பும் வரை சர்வர் இன்னும் இழுத்தது. கால்யா மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். நிரம்பிய பிறகும் பழைய கதைதான்.

"எட்டும் கைகோத்துக்கிட்டு நடக்கற மாதிரி," என்று எனக்கு விளக்கினார். "ஒருத்தன் தடுக்கினா மத்த ஏழு பேரும் நின்னுதான் ஆகணும். ஆனா இங்க எட்டுப் பேரும் ஒரே நேரத்துல தடுக்கறானுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே நேரத்துல சரியாயிடறானுங்க. அப்ப கோளாறு அவனுங்க கிட்ட இல்ல. தரையிலதான்."

சொன்னதும் அவருக்கே ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். நாற்காலியைக் கீழே கொண்டுபோய் சர்வர் அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். விசிறிகளின் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை ஒட்டவைத்துக்கொண்டு, மருத்துவர் நாடி பார்ப்பதுபோல், அப்படியே இருந்தார். மடிக்கணினித் திரையில் சர்வரின் வேகம் விழுந்தபோது சட்டம் கையில் அதிர்ந்தது. அதிர்வு நின்றபோது வேகம் ஏறியது. சட்டம் ஒரு மெல்லிய தடுப்புச் சுவரில் திருகப்பட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்தமென் வீட்டு நிலவறை. அவர் குடும்பம் மாடியில்தான் இருந்தது.

மடிக்கணினியைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்தமெனின் மனைவி ருமியானா கதவைத் திறந்துவிட்டார். உள்ளே நீல பிளாஸ்டிக் பீப்பாயில் குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் உப்புநீரில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அந்தத் தடுப்புச் சுவரிலேயே ஒரு கம்ப்ரஸரை இரும்புத் தாங்கியில் திருகி வைத்திருந்தார்கள். அதிலிருந்து பீப்பாயின் அடிக்கு ஒரு குழாய் போயிற்று. பீப்பாய் கொதிப்பதுபோல் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

"வருஷா வருஷம் அவரே உப்புத்தண்ணிய வாளியில மொண்டு மொண்டு திரும்ப அதுலயே ஊத்துவாரு," என்றார் ருமியானா பெருமையாக. "இந்த வருஷம் தோள்பட்டை போயிடுச்சு. அதான் லாரி பட்டறையிலேருந்து இத வாங்கி டைமர் வச்சு மாட்டியிருக்காரு. காத்து எவ்வளவு போகுதோ அவ்வளவு மொறுமொறுப்பாம். நாள் பூரா ஓடி ஓடி நிக்கும். எங்க ஆளு இன்ஜினியர்ல?"

"இன்ஜினியர்தான்மா," என்றார் ஒக்னியான். அவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "போயி அந்த இன்ஜினியர வரச் சொல்லுங்க."

ஸ்தமென் வந்தார். ருமியானா அடுப்பைப் பார்க்க மேலேயே நின்றுவிட்டார். ஒக்னியான் கம்ப்ரஸரை நிறுத்தினார். என் கையிலிருந்த திரையில் வேகக் கோடு மேலே ஏறியது. ஓடவிட்டார், கோடு விழுந்தது. மறுபடி நிறுத்தினார். நான் நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள்.

"பாத்தியாடா? சுவரு அதிர்ந்தா டிஸ்க் படிக்கமுடியாம தடுமாறுது. அந்தக் காலத்துல டிஸ்க் மேல காப்பிக் கோப்பைய வச்சாலே எங்க மேஸ்திரி அடிக்க வருவாரு. நீ மோட்டாரையே தொங்கவிட்டிருக்க. கழட்டித் தரையில வை, கீழ ஒரு ரப்பர் போடு. அஞ்சு காசு செலவில்ல."

ஸ்தமென் பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்ட்னருங்க கிட்ட நான் என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? டிஸ்க்க நீ ஒழுங்கா கவனிக்கல, அதான் டெண்டர் போச்சுன்னு சொல்லியிருக்கேன்."

"இப்பதான் காரணம் தெரிஞ்சுபோச்சே. மாத்திச் சொல்லு."

"என்னன்னு? ஸ்தமென் கோஸ் ஊறப்போட்டான், நகராட்சி வேலை போச்சுன்னா? ஊரு பூரா சிரிக்கும்டா. என் பேரனப் பள்ளிக்கூடத்துல கோஸுன்னுதான் கூப்பிடுவானுங்க."

ஒக்னியான் வாய்விட்டுச் சிரித்தார். நண்பன் ஜோக்கடிக்கிறான் என்று நினைத்துவிட்டார். எதிரில் சிரிப்பு வராததைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

ஸ்தமென் குனிந்து கம்ப்ரஸரின் பிளக்கைப் பிடுங்கினார். வயரை நிதானமாகச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"சோஃபியாக்காரங்க திங்கக்கிழமை வராங்க. கையெழுத்து ஆயாச்சு. ஃபைல் எல்லாத்தையும் நீங்க அவங்களுக்கு எடுத்துக் குடுத்துடுங்க. அது முடியற வரைக்கும் சம்பளம் உண்டு."

"சர்வர் சரியாயிடுச்சேடா."

"ஆமா. அதனால சீக்கிரமே முடிஞ்சிடும்."

படியேறும்போது ஸ்தமென் என் பக்கம் திரும்பி, அனுமதிக்கான கடிதம் மேசையில் தயாராக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள் என்றார். நன்றி என்று என் வாய் தானாகச் சொன்னது.

திங்கட்கிழமை சோஃபியாவிலிருந்து இரண்டு பேர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். நகலெடுக்க எப்படியும் புது வருடம் வரை இழுக்கும் என்றுதான் அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. ஒக்னியான் கேபிளைச் செருகி நகலெடுப்பை ஓடவிட்டார். கோடு மேலே ஏறி அங்கேயே நின்றது.

"பழைய டிஸ்க்குன்னாங்க, குதிரை மாதிரி ஓடுதே சார்!" என்றான் அவர்களில் ஒருவன்.

ஒக்னியான் குனிந்து கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்தார்.

பீப்பாய்க் கதை எப்படியோ கால்யாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கம்ப்ரஸர் இல்லாமல் ருமியானா சொம்பால் உப்புநீரை மொண்டு ஊற்றிக் கை சிவந்து நின்றதைப் பார்த்து அவளே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். மதிய இடைவேளையில் ஒக்னியானின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் கீழ போய் அந்த மோட்டார மாட்டி விட்டுடட்டா? வேலை இழுக்கும், கிறிஸ்துமஸ் சம்பளமாவது கிடைக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் ரொட்டியின் மேல் பாலாடைக்கட்டியை வைத்தவர் வாய்க்குக் கொண்டுபோகாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வேணாம்மா. எட்டுப் பேரும் ரொம்ப நாளா அதிர்ந்துட்டாங்க. டிஸ்க்குக்கு நல்லதில்ல."

"தூக்கிப் போடப்போற டிஸ்க்குதானே?"

"தூக்கிப் போடறவங்க போடட்டும்."

புதன்கிழமை மதியம் நகலெடுப்பு முடிந்தது. சோஃபியாக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு நாளில் ஃபைல்கள் சோஃபியாவில் ஏறியதும் ஒக்னியான் ஒவ்வொரு மேசையாக வந்து, புது இடத்திலிருந்து ஃபைல் திறக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் முறை முடிந்து கால்யாவிடம் போனார். அவள் ஆற்றங்கரைப் படங்களிலேயே பெரியதைச் சொடுக்கினாள். விரலை எடுப்பதற்குள் திரை முழுக்க ஆறு விரிந்தது, கரை, படகுத்துறை, மணல் திட்டு எல்லாம் துல்லியமாக.

"திறக்குதாம்மா?"

"திறக்குது அண்ணே," என்றாள் கால்யா.

அவர் அடுத்த மேசைக்குப் போனார்.