சோப்பு டப்பாவுக்குப் போன வண்டு

பெண் பார்க்கப் போகும் வீடுகளில், பையன் என்ன படிக்கிறார் என்று கேட்பார்கள். இரவில் மட்டும் திரியும் புலிவண்டுகளை ஆராய்கிறான் என்று அப்பா சொன்னதும் பேச்சு நின்றுவிடும். அதனால் எங்கள் சித்தப்பா வெகுநாள் பிரம்மச்சாரியாகவே இருந்தார்.

முடிச்சூர் வீட்டு அலமாரியில் அவருடைய கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே பெரிய தாடையும் பச்சை மினுமினுப்புமாக, ஊசி குத்திய வண்டுகள். அதை யாரும் தொடக்கூடாது. ஒரு நாள் அவரே பெயர்ச் சீட்டுகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார். இத்தனை காலம் ஒரே பேரினமாக இருந்ததை இப்போது நாலைந்தாகப் பிரித்துவிட்டார்களாம்.

"பூச்சி அதேதான். பேருதான் மாறிடுச்சு" என்றார். எதில் சேர்ப்பது என்று தெரியாத ஒரு வண்டு மட்டும் சோப்பு டப்பாவுக்குப் போனது. எனக்குத் தலை சுற்றியது.

அந்த வாரந்தான் அத்தை, கேளம்பாக்கத்துப் புகுந்த வீட்டிலிருந்து ஒரே சூட்கேஸோடு வந்து சேர்ந்தாள். இனி அங்கே போவதாக இல்லை என்றாள். ராத்திரி கதை சொல்ல ஆள் கிடைத்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆடியில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேன் பிடித்துப் போனோம். அத்தை அடுப்பு மூட்டக் குனிந்தபோது பெரியப்பா தடுத்தார். "கட்டிக் குடுத்தாச்சு, நீ இப்ப வேற குலம். நம்ம பானைய நீ தொடக்கூடாதும்மா." புகுந்த வீட்டுப் பானையோ இனி அவளுக்குக் கிடையாது. அத்தை போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

திரும்பும்போது அவளிடம் கேட்டேன்: "அத்தை, உன்னையும் சோப்பு டப்பால வெச்சிட்டாங்களா?"

அவளுக்கு விளங்கவில்லை. வண்டு விஷயத்தை முழுக்கச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை சித்தப்பா கத்தினார். டப்பா காலி. அந்த வண்டு பெட்டியில் முதல் வரிசையில், மற்றவற்றோடு இருந்தது.

"நான்தான் வெச்சேன்" என்றாள் அத்தை. "அதுவும் இந்த வூட்டுப் பூச்சிதான். இருக்கட்டும்."

சித்தப்பா அவளையே பார்த்தார். பிறகு பெட்டியை மூடிவிட்டார்.

சீட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலே சோறு இறங்காத மனிதர் அவர். அந்த வண்டு எந்தப் பேரினம் என்று பின்னால் முடிவான பிறகும்கூட அதை இடம் மாற்றவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து, நான் அடிக்கடி ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தேன்.